எழுந்திரு அக்கா

அவளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சின்ன வயதில் சாப்பிடும்போதுகூட ஒரு கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். "உட்காருற இடத்துல உனக்கு மட்டும் முள்ளு முளைக்குதாடி?" என்று அம்மா கேட்பாள். அப்பாவுக்கு அவளை வங்கி வேலையில் பார்க்க வேண்டும் என்று ஆசை. எப்படி இருக்கும் என்று பார்த்து வரப் போனவள், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பசை போட்டு ஒட்டியதுபோல் நாற்காலியில் கிடந்த மனிதர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம், கை முறிந்து கட்டுப் பிரித்திருந்த அக்கா மகனைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனாள். அந்தப் பிசியோதெரபி கூடத்தில் வேலை செய்த ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒருவர் குனிந்திருந்தார், ஒருவர் மண்டியிட்டிருந்தார், ஒருத்தி ஒரு குழந்தைக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. சேவை, லட்சியம் என்று பின்னாளில் யாராவது ஆரம்பித்தால், "அட, உட்கார வேண்டாத வேலைன்னு வந்தேங்க" என்று உள்ளதைச் சொல்லிவிடுவாள்.

வாய்த்த கணவரோ அச்சகத்துக்குப் பிழை திருத்துபவர். காலையில் மேஜை முன்னால் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். "நீ முற்றுப்புள்ளியே இல்லாத வாக்கியம்" என்பார் அவளை. "நீங்க வெறும் முற்றுப்புள்ளி" என்று சொல்லிக்கொண்டே அவர் காலுக்கடியில் பெருக்கிவிட்டுப் போவாள். எண்ணெயும் தண்ணீரும் ஒரே பாத்திரத்தில் சண்டையில்லாமல் இருந்தன.

அவள் வேலை பார்த்தது குழந்தைகளுக்கான மறுவாழ்வு மருத்துவமனையில். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அங்கே யாரும் வருவதில்லை. விபத்தோ நோயோ பிறவிக் குறையோ தன் வேலையைச் செய்து முடித்தபின், ஸ்பூன் பிடிக்க, புரண்டு படுக்க, நிற்க, நடக்க மறுபடி கற்றுக்கொள்ள வருகிற இடம். காலையில் வார்டுக்குள் அவள் வருமுன் அவள் குரல் வரும். "எழுந்திரு, எழுந்திரு, சூரியன் வந்து உன் பல்லைத் தேய்க்குமா?" பிள்ளைகள் வைத்த பெயர்தான் எழுந்திரு அக்கா. பிள்ளைகளிடமிருந்து அது ஆயாக்களுக்குப் போய், அங்கிருந்து மருத்துவர்களுக்கும் போய்விட்டது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் வேறு பெயர்.

அவள் கண்டிப்புக்குப் பலன் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். தேறாது என்று கைவிட்ட பிள்ளைகள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்து போயிருக்கிறார்கள். "அந்த அம்மா கையில குடுத்துடுங்க, எழுப்பிடுவாங்க" என்று வாய்க்கு வாய் பேச்சுப் பரவி, தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அழுகிற பிள்ளையைப் பார்த்து அவள் நிறுத்தியதில்லை. அழுதுகொண்டே நடந்தால் அதுவும் நடைதான் என்பாள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியின் குறுக்கே புது டாக்டரம்மா வந்தார். தலைமை மருத்துவராகப் பொறுப்பேற்ற அந்த அம்மாள் மெல்லிய குரல்காரர். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் பேச்சு விளங்கும். வந்ததும் அவர் மாற்றியது காலை ரவுண்ட்ஸைத்தான். கட்டிலின் கால்மாட்டில் ஒரு கூட்டம் நின்றுகொண்டு, படுத்திருக்கிற பிள்ளையின் தலைக்கு மேலே "இந்த முதுகுத்தண்டு", "அந்த இடுப்பு" என்று பேசிக்கொள்வது இனி கிடையாது. குட்டை ஸ்டூலைப் போட்டுப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு உட்கார வேண்டும். என்ன பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்று கேட்க வேண்டும். தாய் தகப்பனைப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சி எதற்காக என்பதைப் பிள்ளையே சொல்ல வேண்டும். இன்றைக்கு வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் ஏன் என்று கேட்க வேண்டுமே தவிர, இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

"இது ஆஸ்பத்திரியா, ஹோட்டலா?" என்றார் பெரிய சிஸ்டர், வார்டின் தலைமை நர்ஸ். "என்ன வேணும்னு கேட்டு ஆர்டர் எடுக்கச் சொல்றாங்க. பார்சலும் கட்டணுமோ என்னவோ."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாளே டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு, "உங்க வார்டுலதான் ஆரம்பிக்கப் போறோம். நீங்கதான் முன்னால நின்னு செய்யணும்" என்றார்.

"என்னையா? நான் மிரட்டி வேலை வாங்கற ஆளு டாக்டர்."

"தெரியும். நீங்க செஞ்சா மத்தவங்க மறுக்க மாட்டாங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த வேலையையும் முடியாது என்று சொல்லிப் பழகாத நாக்கு, சரி என்று சொல்லிவிட்டது.

அந்த ஸ்டூல் அவளுக்கு முள்படுக்கை ஆயிற்று. "உனக்கு என்ன பண்ணணும்னு ஆசை?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் கை பரபரக்கும். முழங்காலைப் பிடித்து மடக்கிப் பார்க்கலாமா, மெத்தையைச் சரி செய்யலாமா, ஜன்னல் திரையையாவது இழுத்து விடலாமா என்று விரல்கள் வேலை தேடும். வந்த பதில்களோ கைக்கு அடங்காதவை. ஒரு பொடியன் பறக்கணும் என்றான். ஒருத்தி, பக்கத்துக் கட்டில்காரனைக் கிள்ளுகிற தூரத்துக்குக் கை எட்டணும் என்றாள். மற்றதெல்லாம் ஒரே பதில்: வீட்டுக்குப் போகணும்.

"எல்லாருக்கும் ஒரே லட்சியம், டிஸ்சார்ஜ்" என்றார் பெரிய சிஸ்டர்.

வீட்டில் புலம்பினாள். "கேள்வி கேக்கறதுக்கே பொழுது போயிடுது. கை கால் எல்லாம் துருப்பிடிச்சுப் போயிடும் இந்தப் பிள்ளைங்களுக்கு." கணவர் காகிதத்திலிருந்து நிமிர்ந்து, "பதில் வரலையா, வந்த பதில் பிடிக்கலையா?" என்று கேட்டார். அவள் மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்து மறுபடி மடித்தாள்.

இந்த நேரத்தில்தான் அந்தச் சிறுமி வந்தாள். பன்னிரண்டு வயது. பள்ளிவிட்டு வரும்போது, கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் சுவர் அவள்மேல் சரிந்துவிட்டது. முதுகெலும்பில் அடி. கால்களில் உணர்ச்சி பாதி இருந்தது, பலம் மிகக் கொஞ்சம். பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி இங்கே அனுப்பியிருந்தார்கள். அம்மா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். அப்பாவைப் பற்றி அவளும் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

சிறுமியை எது கேட்டாலும் பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "நடக்கணும் மேடம். வேற என்ன ஆசை இருக்கப் போகுது? நீங்க எழுப்பிடுவீங்கன்னு சொன்னாங்க, அதான் வந்தோம்." சிறுமி ஜன்னலைப் பார்த்தபடி கிடப்பாள். தனியாகக் கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பாள். மறுநாளும் அதே ஒண்ணுமில்ல. அதற்கு மறுநாளும்.

எழுந்திரு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அடிபட்ட புதிதில்தான் உடம்பு வேகமாகத் திரும்பும், விட்ட நாள் விட்டதுதான் என்று படித்தவள். டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். "வாயே திறக்க மாட்டேங்கிறா. நாள் ஓடுது. நான் ஆரம்பிச்சிடறேன்."

"இன்னும் கொஞ்சம் பாருங்களேன்."

"நீங்க பார்க்கச் சொல்றீங்க டாக்டர். அந்தக் கால் எனக்காகக் காத்திருக்காது."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்து வந்துவிட்டாள். அன்று காலையே சிறுமியைக் கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். கூடத்தில் கூட்டம். பிள்ளைகள், தாய்மார்கள், பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பெண்கள். இருபுறமும் பிடித்துக்கொண்டு நடப்பதற்கான கம்பிகளின் முனையில் சிறுமியின் நாற்காலியை நிறுத்தி, காலில் பட்டைகளை இறுக்கிக் கட்டினாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றாள் சிறுமி. அவளாகப் பேசிய முதல் பேச்சு.

"எல்லாம் அப்புறம். முதல்ல எழுந்திரு."

"அக்கா..."

"எழுந்திரு, எழுந்திரு. பயப்படாத, நான் பிடிச்சிருக்கேன்." இடுப்புப் பட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டாள். சிறுமி நின்றாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாரோ கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் சிறுமியின் உடை நனைந்து, பட்டை வழியாக வழிந்து, பளபளத்த தரையில் பரவியது.

கைதட்டல் நின்றது. சிறுமி அழவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கைகளுக்கு நடுவே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். அத்தனை பேர் கண்ணிலிருந்தும் அவளை மறைக்க முடியுமானால் மறைத்திருப்பாள் எழுந்திரு அக்கா. அவளால் முடிந்தது தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிச் சிறுமியின் இடுப்பில் சுற்றியது மட்டும்தான்.

உடை மாற்றி, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டபின், அவள் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்த முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை. வெளியே வண்டிகள் போகிற சத்தம், யாரோ தட்டுக் கழுவுகிற சத்தம்.

"ஒரு நிமிஷம்னு சொன்னேன்ல" என்றாள் சிறுமி, சுவரைப் பார்த்தபடி.

"சொன்ன. நான் கேக்கல. தப்பு என் பேர்ல."

எழுந்து போய்விடலாம் என்று கால் இழுத்தது. போகவில்லை.

"எனக்குப் பாத்ரூம் கதவைச் சாத்திக்கணும்" என்றாள் சிறுமி.

"கதவையா?"

"உள்ள நான் மட்டும் இருக்கணும். அடிபட்டதுலேருந்து அம்மா வர்றாங்க, சிஸ்டர் வர்றாங்க, ஆயா வர்றாங்க. ஒருநாள் படிக்க வந்த அக்காங்ககூட நின்னு பார்த்தாங்க. கதவு திறந்தேதான் இருக்கு."

இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகளை அந்தக் கதவு திறந்த பாத்ரூமுக்குள் அவளே தூக்கிக்கொண்டு போயிருப்பாள். ஒருமுறைகூட அதைச் சாத்தத் தோன்றியதில்லை.

அன்றே டாக்டரம்மாவிடம் சொன்னாள், நடந்ததை ஒன்றுவிடாமல். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப கதவைச் சாத்தறதுக்கு என்னென்ன வேணும்னு பார்க்கலாம்" என்றார். நிறைய வேண்டியிருந்தது. நாற்காலியிலிருந்து கழிப்பறை இருக்கைக்குத் தானாக மாறத் தோளிலும் கையிலும் பலம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே பாலம்போல் வைக்க வழவழப்பான பலகை வேண்டும். சுவரில் பிடி வேண்டும். அவசரம் வருவதற்குமுன் போய்விட உடம்புக்குப் பழக்கம் வேண்டும். சிறுமிக்கேற்ற சின்னச் சக்கர நாற்காலி ஒன்றைத் தேடிப் பிடித்து, எழுந்திரு அக்காவே கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்தாள்.

அம்மா அந்த நாற்காலியைப் பார்த்தாள். முகம் இருண்டது.

"இது எதுக்கு?"

"அவளே உருட்டிக்கிட்டுப் போறதுக்கு. முதல்ல கை பலத்துக்குப் பயிற்சி..."

"உங்க பேரைக் கேட்டுத்தான் மேடம் வந்தேன். எழுந்திரு அக்கா, எழுந்திரு அக்கான்னாங்க. நீங்களே என் பொண்ண உட்காருன்னு சொல்றீங்களே."

அவளுக்குச் சுருக்கென்றது. விளக்கினாள், வேகவேகமாக, மூச்சுவிடாமல். அம்மா கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை கட்டில் காலியாக இருந்தது. தன் சொந்தப் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு அம்மா மகளைக் கூட்டிப்போய்விட்டதாகப் பெரிய சிஸ்டர் சொன்னார். சீக்கிரமே நடக்க வைத்துவிடுவதாக வேறோர் இடத்தில் யாரோ வாக்குக் கொடுத்திருக்கிறார்களாம்.

அன்று முழுக்க அவள் கூண்டில் அடைபட்டதுபோல் சுற்றினாள். பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிட்டாள். சாயங்காலம் சலவைக் கடையைத் தேடிப்பிடித்து, வீடு எங்கே என்று விசாரித்துப் போனாள். மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ஆள் ஒதுங்கி வழிவிட வேண்டிய ஒடுக்கமான படிகள். கடைசித் திருப்பத்தில் சுவரோடு சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள் அம்மா, முதுகில் மகள். அந்தப் புது இடத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள்.

பிடிப்பதற்குக் கை தானாக முன்னால் போய்விட்டது. நிறுத்திக்கொண்டு, "நான் ஒரு பக்கம் பிடிக்கலாமா?" என்று கேட்டாள். அம்மா தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. சிறுமிதான் ஒரு கையை நீட்டினாள்.

வீடு ஒரே அறை. துவைத்த துணி வாசனை. மூலையில் பாத்ரூம். கதவு உள்பக்கமாகத் திறக்கும். நாற்காலி என்ன, ஓர் ஆள் நுழைந்தாலே கதவைச் சாத்த இடம் போதாது. அதைக் கண்ணால் அளந்தவள், சுவரை இடிக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். அந்தப் புது இடத்தில் நூற்றுக்கு நூறு பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, "உங்களுக்கு எது பயமா இருக்கு? அதைச் சொல்லுங்க" என்றாள்.

அம்மா சிரித்துவிட்டாள், கசப்பாக. "இப்பவாவது கேட்டீங்களே. டாக்டரம்மா பொண்ணைக் கேட்டாங்க. நீங்களும் பொண்ணைக் கேட்டீங்க. பக்கத்துலயே நிக்கறேன், நான் என்ன மேஜையா நாற்காலியா?"

"தப்புதான். சொல்லுங்க."

"படியைப் பார்த்தீங்கல்ல. நாளெல்லாம் நின்னு இஸ்திரி போட்டுட்டு வந்து தூக்கறேன். இன்னைக்குத் தூக்கிடுவேன். அவ வளருவா, எனக்கு வயசாகும். அப்ப யாரு தூக்குவா? அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டா அவ இந்த ரூமுக்குள்ளயே அடைஞ்சு போயிடுவா மேடம். அவ நடப்பாளா மாட்டாளா, அதைச் சொல்லுங்க."

எந்தத் தாயிடமும் அவள் சொல்லாத ஒன்றை அன்று சொன்னாள். "எனக்குத் தெரியாதுங்க. கொஞ்ச தூரம் நடக்கலாம். நடக்காமலும் போகலாம். தெரியும்னு சொல்றவங்களுக்கும் தெரியாது."

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்போது சிறுமி, படுத்திருந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "அம்மா, நான் நடக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா நடக்கறவரைக்கும் அடக்கிக்கிட்டே இருக்க முடியாதுல்ல?"

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எழுந்திரு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் எல்லாம் தேனாக ஓடிவிடவில்லை. திரும்பி வந்தார்கள், ஆனால் ஒப்பந்தத்தோடு. காலையில் கை பலமும் பலகைப் பயிற்சியும், மாலையில் கம்பியைப் பிடித்து நிற்பது. இரண்டையும் சிறுமி ஒத்துக்கொண்டாள். கூடத்தில் ஆளில்லாத வேளையில்தான் நிற்பேன் என்று நிபந்தனை போட்டாள், அதற்கும் வழி செய்தார்கள். பலகையில் வழுக்கி விழுந்தாள். ஒருநாள் எல்லாவற்றையும் விட்டெறிந்து, "வேண்டாம்" என்றாள். எழுந்திரு அக்கா ஏன் என்று கேட்டாள். தோள் வலி என்றாள் சிறுமி. அன்று விட்டுவிட்டார்கள். அந்த ஒருநாள் சும்மாயிருப்பதற்குள் எழுந்திரு அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வீட்டுக்குப் போய் அலமாரிகளையெல்லாம் இடம் மாற்றி வைத்தாள்.

பிடிகள் பொருத்தி முடித்தபின் ஒரு காலைப்பொழுதில் சிறுமி நாற்காலியை உருட்டிக்கொண்டு வார்டு பாத்ரூமுக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். தாழ் விழுகிற சத்தம் கேட்டது. வெளியே அம்மா ஒரு பக்கம், எழுந்திரு அக்கா ஒரு பக்கம். உள்ளே பலகை உரசியது. பிறகு அமைதி. பிறகு ஏதோ தடாலென்று விழுந்தது.

அவள் கை கதவுக்குப் போய்விட்டது. வெளியிலிருந்து திறக்கிற சாவி சட்டைப் பையிலேயே இருந்தது.

"வராதீங்க" என்றது உள்ளிருந்து குரல். "பக்கெட்தான்."

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைத் தடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. இருவரும் அப்படியே நின்றார்கள். அந்தப் பக்கம் வந்த பெரிய சிஸ்டர் என்னவென்று விசாரித்து, தெரிந்துகொண்டு, மருந்து வண்டியை நடைபாதையில் குறுக்கே நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் நின்றுகொண்டார், வேறு யாரும் வராமல் இருக்க. கடைசியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது சிறுமியின் நெற்றியெல்லாம் வியர்வை. யாரையும் பார்க்காமல், "நகருங்க, போகணும்" என்று சொல்லி உருட்டிக்கொண்டு போனாள்.

பிறகு அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்றால், சலவைக் கடைக்காரர் கடைக்குப் பின்னால் மூட்டைகள் போட்டிருந்த தரைத்தள அறையை ஒழித்துக் கொடுத்தார். மருத்துவமனை ஆட்கள் போய் அங்கே பாத்ரூம் கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றிப் போட்டார்கள். சிறுமி பள்ளிக்கு நாற்காலியில் போகிறாள். பட்டை கட்டி, ஊன்றுகோலோடு, கடையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடக்கிறாள். அதற்குமேல் இதுவரை இல்லை. அம்மா முழுதாக மனம் ஆறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. பரிசோதனைக்கு வரும்போதெல்லாம், "அன்னைக்கே விடாம நிக்க வெச்சிருந்தா இன்னும் நடந்திருப்பாளோ மேடம்?" என்று கேட்பாள். சில காலை வேளைகளில் அந்தக் கேள்வியோடுதான் எழுந்திரு அக்கா விழித்துக்கொள்கிறாள்.

வார்டில் சில பழக்கங்கள் நிலைத்தன, சில நழுவின. பாத்ரூம்களுக்கெல்லாம் திரையும் தாழும் வந்தன. ஆள் குறைவான நாட்களில் கேட்பதற்கு நேரமில்லாமல் தூக்கிக்கொண்டு ஓடுவதும் நடக்கத்தான் செய்கிறது. பறக்கணும் என்ற பொடியனை ஒருநாள் பெரிய சிஸ்டரே ஊஞ்சலில் வைத்து ஆட்டினார். அவன் கழுத்து நிமிர்ந்தது அதில்தான். தாய்மார்களைத் தனியாக உட்கார வைத்து அவர்கள் பயத்தைக் கேட்கிற வேலையை எழுந்திரு அக்கா தானே எடுத்துக்கொண்டாள். கேட்கும்போது ஒரு கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். முதலில் அதைப் பார்த்து, இந்த அம்மாவுக்கு நேரமில்லை போலிருக்கிறது என்று அவர்கள் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள். அதனால் இப்போது ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறாள்: "என் காலைப் பார்க்காதீங்க, அது அப்படித்தான் ஆடும். நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க."

டாக்டரம்மாவுக்கு இப்போது வேறிடத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. அடுத்து வருபவர் இதையெல்லாம் வைத்துக்கொள்வாரா, கால்மாட்டுக் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவாரா, தெரியவில்லை. அவர் வரட்டும் பார்க்கலாம் என்று மற்றவர்கள் இருக்கிறார்கள். அவளால் அப்படி இருக்க முடியவில்லை. வருகிறவர் எந்த ஊர், எப்படிப்பட்டவர், முன்னால் இருந்த இடத்தில் பிள்ளைகளிடம் எப்படிப் பேசினார் என்று தெரிந்தவர்களையெல்லாம் பிடித்து இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.